எஃப்டி8 திரையைப் படிக்கக் கற்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஹாம்களுக்கு முழுமையான வழிகாட்டி

எஃப்டி8 என்பது ஹாம் ரேடியோவில் (அமெச்சூர் வானொலியில்) கணினி வழியே குறுஞ்செய்திகளைப் பரிமாறும் ஒரு டிஜிட்டல் மோடு. அதற்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளை முதல்முறை திறந்தால் இரண்டு விண்டோக்கள் வரும். ஒன்றில் பட்டன்களும் எண் பெட்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இன்னொன்றில் ‘வாட்டர்ஃபால்’ என்ற நீல நிறப் படம் ஒன்று மேலிருந்து கீழே வழிந்துகொண்டிருக்கும். லைசென்ஸ் கைக்கு வந்த வேகத்தில் பலரும் நேராக ‘எனேபிள் டிஎக்ஸ்’ (Enable Tx, அனுப்பத் தொடங்கு) பட்டனில்தான் கை வைப்பார்கள். ரிக்கில் (ரேடியோ கருவியில்) சிவப்பு விளக்கு எரியும், மீட்டர் ஆடும், பதில் மட்டும் வராது. உடனே ஆன்டெனாவைச் சந்தேகித்து மொட்டை மாடிக்கு ஏறுவார்கள். பெரும்பாலும் கோளாறு மாடியில் இருக்காது. லேப்டாப் கடிகாரத்திலோ ஒலி அளவிலோ இருக்கும். திரையும் அதை ஏற்கெனவே காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் இங்கே வரிசை இதுதான்: முதலில் கேட்பது, அடுத்து திரையைப் படிப்பது, அனுப்புவது கடைசியில். இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் எனேபிள் டிஎக்ஸைத் தொடாமல் இருந்தால், பின்னால் பல வாரத் தலைவலி மிச்சமாகும்.

எஃப்டி8 பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

இந்த மோடு 2017-ல் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் ஸ்டீவ் ஃபிராங்க், ஜோ டெய்லர். பெயரில் உள்ள ‘எஃப்டி’ இவர்கள் இருவரின் முதலெழுத்துகள். இந்த ஜோ டெய்லர்தான் இரட்டை விண்மீன் தொகுதியில் உள்ள பல்சர் (துடிக்கும் விண்மீன்) கண்டுபிடிப்புக்காக 1993-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைத் துருவி எடுத்தவர்தான் நம் மாடி ஒயரில் வரும் மெல்லிய சிக்னலுக்கும் வழி செய்திருக்கிறார்.

ஒவ்வொரு நிமிடமும் நான்கு 15 விநாடித் துண்டுகளாகப் பிரிகிறது. ஒரு துண்டில் ஒருவர் அனுப்புவார், அடுத்த துண்டில் எதிர்முனையில் இருப்பவர். உண்மையான ஒலிபரப்பு 12.64 விநாடிதான். மீதமுள்ள இரண்டு விநாடிச் சொச்சத்தில் கணினி கேட்டதைப் பிரித்துப் படிக்கும் (டிகோட் செய்யும்), நீங்கள் பதிலைத் தேர்ந்தெடுப்பீர்கள். எட்டு டோன்கள், 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி, மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ். திரையில் உள்ள பாதிப் பட்டன்கள் இந்தக் கணக்கைச் சுற்றித்தான் இருக்கின்றன.

தேவையானவை: ஒரு எச்எஃப் (சிற்றலை) ரிக், அதைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி கேபிள் (பழைய ரிக் என்றால் தனி இன்டர்ஃபேஸ் பெட்டி), ஒரு சாதாரண லேப்டாப், ஒரு ஆன்டெனா. மென்பொருள் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அனுப்புவதற்கு அமெச்சூர் லைசென்ஸ் கட்டாயம். வியூ2 (பொது நிலை), வியூ3 (கட்டுப்பாட்டு நிலை) எதுவானாலும் உங்கள் கிரேடுக்கு அனுமதித்த பேண்டிலும் பவரிலும் நில்லுங்கள்.

முதல் வேலை: கடிகாரம்

எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்தும் விளையாட்டு இது. உங்கள் கணினிக் கடிகாரம் ஒரு விநாடிக்கு மேல் தவறினால் சிக்கல் ஆரம்பிக்கும், இரண்டரை விநாடியைத் தாண்டினால் ஏறக்குறைய எதுவுமே டிகோட் ஆகாது. வாட்டர்ஃபாலில் சிக்னல்கள் பளிச்சென்று தெரியும், டிகோட் வரிகள் வர வேண்டிய இடப்பக்கப் பெட்டி மட்டும் காலியாகக் கிடக்கும். இதைப் பார்த்ததும் முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல்தான் விழ வேண்டும்.

விண்டோஸில் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் என்று போய் ‘சிங்க் நவ்’ அழுத்துங்கள். நேர மண்டலம் இந்தியா என்று இருக்கட்டும். யுடிசி (உலகப் பொது நேரம்) வேண்டும் என்று கணினிக் கடிகாரத்தையே ஐந்தரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளுபவர்கள் உண்டு. அந்த வேலையே வேண்டாம். கணினி நம் நேரத்தில் ஓடட்டும், மென்பொருள் தானே யுடிசிக்கு மாற்றிக்கொள்ளும்.

விண்டோஸ் தானாக நேரத்தைச் சரிசெய்யும் இடைவெளி எஃப்டி8-க்குப் போதாது. இணைய நேர சர்வரிலிருந்து அடிக்கடி நேரம் எடுக்கும் சிறு நிரல் ஒன்றை நிறுவிவிடுங்கள். வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலைப்பக்கம் ரிக்கை எடுத்துப் போனால் செல்போன் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. கிளம்பும் முன் நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள், அல்லது யுஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்றை எடுத்துப் போங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க டிகோட் பட்டியலில் ‘டிடி’ என்ற பத்தியைக் கவனியுங்கள். மற்றவர்களின் சிக்னல் உங்கள் கடிகாரப்படி எவ்வளவு முன்னே பின்னே வந்தது என்பதை அது விநாடியில் சொல்லும். ஒருவருக்கு 0.1, ஒருவருக்கு 0.4, ஒருவருக்கு மைனஸ் 0.2 என்று கலந்து இருந்தால் நல்லது. எல்லோருக்கும் 1.3, 1.4, 1.2 என்றே வந்தால் உலகமே தாமதமாக இல்லை. உங்கள் கடிகாரம்தான் முந்தி ஓடுகிறது. எல்லாமே மைனஸில் இருந்தால் பிந்தி ஓடுகிறது.

செட்டிங்ஸ்: கால்சைன், கிரிட்

எஃப்2 அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். முதல் தாளான ‘ஜெனரல்’-இல் கால்சைனையும் (உங்கள் நிலையத்தின் அழைப்புப் பெயர்) கிரிட்டையும் (உங்கள் இடத்தின் வரைபடக் கட்டக் குறியீடு) போட வேண்டும். கிரிட்டில்தான் நம் இரு மாவட்டத்துக்காரர்கள் தவறுகிறார்கள். கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரிக் கோடு நம் ஊர்களுக்கு நடுவே ஓடுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, அரூர், பாலக்கோடு ஆகியவை எம்கே92. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் எல்லாம் கோட்டுக்கு மேற்கே, எம்கே82. வடக்கு அட்சரேகை 12 டிகிரிக்குத் தெற்கே இறங்கினால் எண் இன்னொரு முறை மாறும்: தொப்பூர், பாப்பிரெட்டிப்பட்டி எம்கே91. ஆறு எழுத்தாகப் போட விரும்பினால் தர்மபுரி நகரம் எம்கே92பிடி, கிருஷ்ணகிரி நகரம் எம்கே92சிஎம். செல்போனில் உங்கள் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கிரிட் தவறினால் இணைப்பு நின்றுபோகாது. ஆனால் எதிர்முனைக்காரர் லாகில் (இணைப்புப் பதிவேட்டில்) நீங்கள் ஓசூரிலிருந்து தர்மபுரிக்குக் குடிபெயர்ந்திருப்பீர்கள், அவருடைய கிரிட் விருதுக் கணக்கும் கெடும்.

அதே தாளில் ‘டபுள் கிளிக் ஆன் கால் செட்ஸ் டிஎக்ஸ் எனேபிள்’ என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். கற்கும் வாரத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள். சும்மா ஒரு பெயரைச் சொடுக்கியதற்கே ரிக் அனுப்பத் தொடங்கிவிடும் அதிர்ச்சி மிச்சம். ‘பிளாங்க் லைன் பிட்வீன் டிகோடிங் பீரியட்ஸ்’, ‘ஷோ டிஎக்ஸ்சிசி, கிரிட், அண்ட் வொர்க்டு-பிஃபோர் ஸ்டேட்டஸ்’ இரண்டுக்கும் டிக் வையுங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ‘டிகோடட் டெக்ஸ்ட் ஃபான்ட்’ பட்டனில் பெரிதாக்கலாம். பதினான்கு அங்குல லேப்டாப்பில் இது வசதிக்காக மட்டுமல்ல, கண்ணுக்காகவும்தான்.

ரேடியோ, ஆடியோ தாள்கள்

‘ரேடியோ’ தாளில் ரிக்கின் மாடலைத் தேர்ந்தெடுத்து, சீரியல் போர்ட்டையும் பாட் ரேட்டையும் (தரவு வேகம்) ரிக் மெனுவில் உள்ளபடியே போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும். யேசு (Yaesu) நிறுவன ரிக்குகளை இணைத்தால் கணினியில் ‘என்ஹான்ஸ்டு’, ‘ஸ்டாண்டர்டு’ என்று இரண்டு போர்ட் தெரியும். கேட் (CAT, கணினி வழியே ரிக்கை இயக்குவது) கட்டுப்பாட்டுக்கு என்ஹான்ஸ்டு போர்ட். போர்ட்டே தெரியவில்லை என்றால் யுஎஸ்பி டிரைவர் நிறுவப்படவில்லை, அல்லது கையில் இருப்பது செல்போன் சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்.

‘டெஸ்ட் கேட்’ பட்டனை அழுத்துங்கள். பச்சையானால் இணைப்பு சரி, சிவப்பானால் போர்ட் அல்லது பாட் ரேட் தவறு. பிறகு ‘டெஸ்ட் பிடிடி’. ரிக் அனுப்பும் நிலைக்குப் போய் மறு சொடுக்கில் திரும்ப வேண்டும். இதைச் செய்யும்போது ஆன்டெனாவோ டம்மி லோடோ (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் சுமை) கட்டாயம் இணைந்திருக்கட்டும்.

மோடு ‘டேட்டா/பிகேடி’. ஐகாம் ரிக் திரையில் அது யுஎஸ்பி-டி என்று தெரியும். இங்கே யுஎஸ்பி என்பது கேபிள் அல்ல, அப்பர் சைட்பேண்ட். பேச்சுக்கு 7 மெகாஹெர்ட்ஸில் லோயர் சைட்பேண்ட் பழகியவர்கள் கவனிக்க: எஃப்டி8-இல் எந்தப் பேண்டானாலும் அப்பர் சைட்பேண்ட்தான்.

‘ஸ்ப்ளிட் ஆபரேஷன்’ என்ற இடத்தில் ‘ஃபேக் இட்’ வையுங்கள். பெயர் ஒரு மாதிரி இருந்தாலும் வேலை அருமையானது. நீங்கள் 600 ஹெர்ட்ஸ் டோனில் அனுப்பினால் அதன் இரட்டிப்பு 1200-லும் மும்மடங்கு 1800-லும் சிறிதாகக் கசியலாம். இரண்டும் ரிக் ஃபில்டருக்குள் அடங்குவதால் காற்றில் போய்விடும், ஒரே ஆள் மூன்று இடத்தில் தெரிவார். ஃபேக் இட் இருந்தால் மென்பொருள் அனுப்பும் நேரத்தில் மட்டும் டயலை நகர்த்தி, டோன் எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் நடுவே விழும்படி பார்த்துக்கொள்ளும். அந்த 600 ஹெர்ட்ஸ் உதாரணத்தில் டயல் 14.074 மெகாஹெர்ட்ஸிலிருந்து 14.073-க்கு இறங்கும், டோன் 1600 ஆகும், காற்றில் போகும் அலைவரிசை மாறாது. இரட்டிப்பு 3200-க்குப் போய்விடுவதால் ஃபில்டர் வெட்டிவிடும். அனுப்பும்போது டயல் துள்ளினால் பயப்படாதீர்கள், அதுதான் வேண்டும்.

‘ஆடியோ’ தாளில் உள்ளீடு, வெளியீடு இரண்டிலும் ரிக்கின் யுஎஸ்பி ஆடியோ கோடெக்கைத் தேர்ந்தெடுங்கள், மோனோ. விண்டோஸ் பக்கம் போய் அதே கோடெக்குக்கு 48000 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று அமைத்து, ஒலி மேம்பாட்டு வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். முக்கியமானது இன்னொன்று: விண்டோஸின் இயல்பான ஸ்பீக்கராக ரிக் இருக்கவே கூடாது. ரிக்கைச் செருகியதும் விண்டோஸ் அதையே புது ஸ்பீக்கர் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்புறம் உங்கள் வாட்ஸ்அப் மணிச் சத்தம் 14 மெகாஹெர்ட்ஸில் உலகம் சுற்றும்.

இடது ஓரத்துப் பச்சைக் கம்பி

முதன்மை விண்டோவின் கீழே இடது ஓரத்தில் தெர்மாமீட்டர் போல ஒரு கம்பி நிற்கும். 0 முதல் 90 வரை டெசிபெல் அளவு. சிக்னல் இல்லாத வெறும் இரைச்சலில் அது 30 பக்கம் நிற்க வேண்டும். 10-இல் கிடந்தால் மெல்லியவர்கள் காணாமல் போவார்கள். ஏறிச் சிவந்தால் ஒலி கொப்பளித்து, ஒரே நிலையம் இரண்டு மூன்று இடத்தில் டிகோட் ஆகும். சரிசெய்ய ரிக் மெனுவில் யுஎஸ்பி ஒலி வெளியீட்டைக் கூட்டிக் குறையுங்கள். போதாவிட்டால் விண்டோஸ் ரெக்கார்டிங் அளவு. ரிக்கின் முகப்பில் உள்ள வால்யூம் குமிழைத் திருகிப் பயனில்லை, பெரும்பாலான ரிக்குகளில் அது ஸ்பீக்கருக்கு மட்டும்தான்.

ரிக்கில் நாய்ஸ் பிளாங்கர், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணையுங்கள். காதுக்கு இனிமையாக்கும் கருவிகள் டிகோடருக்கு விஷம். ஃபில்டரை ரிக் தரும் மிக அகலமான அளவில் வையுங்கள், 3 கிலோஹெர்ட்ஸாவது இருக்கட்டும்.

வாட்டர்ஃபால்: இதில் கொஞ்சம் நின்று பாருங்கள்

ஒகேனக்கல் பக்கத்துக்காரர்களுக்கு அருவியை விளக்க வேண்டியதில்லை. புதுக் கணம் மேலே விழும், பழசு கீழே இறங்கும். இடமிருந்து வலம் ஒலி அலைவரிசை, 0 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை தெரிந்தால் போதும். ‘பின்ஸ்/பிக்சல்’ எண்ணை மாற்றி அந்த அகலம் முழுவதும் திரையில் வரும்படி செய்யுங்கள். ‘ஃபிளாட்டன்’ டிக் இருக்கட்டும். கீழே உள்ள இரண்டு ஸ்லைடர்களை நகர்த்திப் பின்னணி கருநீலமாகவும் சிக்னல்கள் மஞ்சள், சிவப்பாகவும் தெரியும்படி வையுங்கள். இந்த நிறங்கள் உங்கள் கண்ணுக்கு மட்டும்தான், டிகோடிங்கை அவை பாதிக்காது.

எஃப்டி8 சிக்னல் எப்படி இருக்கும்? 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் நெளியும் ஒரு பட்டை, 12 விநாடிக்கு ஓடும், நிற்கும், ஒரு துண்டு விட்டு மறுபடி வரும். எல்லாப் பட்டைகளும் ஒரே கோட்டில் தொடங்கி ஒரே கோட்டில் முடியும். ஒருவருடையது மட்டும் விலகித் தொடங்கினால் அவர் கடிகாரம் சரியில்லை. எல்லோருமே உங்கள் கோட்டிலிருந்து விலகியிருந்தால், யாருடைய கடிகாரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மற்றவை எல்லாம் நோய்க்குறிகள். இடைவெளியே இல்லாமல் நேராக இறங்கும் மெல்லிய கோடு, பக்கத்தில் ஏதோ ஒரு மின்கருவி. 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் சீப்புப் பல் போல வரிசையாகக் கோடுகள் வந்தால் வீட்டு மின்சாரத்தின் ஹம் ஒலி உள்ளே நுழைகிறது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். அகலமாக, புகை போல ஆடி நகரும் பட்டை ஸ்விட்சிங் பவர் சப்ளையின் வேலை: எல்இடி விளக்கு, சோலார் இன்வெர்ட்டர், போர்வெல் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து, ரிக்கையும் லேப்டாப்பையும் பேட்டரியில் ஓட்டினால் எதிரி வீட்டுக்குள்ளா வெளியிலா என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். உள்ளே என்றால் ஃபியூஸ் ஃபியூஸாகப் போட்டுப் பாருங்கள்.

குறுக்கே படுக்கையாக, திரை முழுவதும் பளிச்சென்று ஒரு கோடு அடித்தால் மின்னல். கோடை மழைக் காலத்தில், ஏப்ரல், மே மாதங்களில், வானம் இடிக்கும் முன்பே வாட்டர்ஃபால் சொல்லிவிடும். கோடுகள் நெருங்கிவந்தால் கடையைக் கட்டுங்கள். கோஆக்ஸை (ஆன்டெனாக் கேபிளை) கழற்றி சன்னலுக்கு வெளியே போடுங்கள், ரிக்கின் மின்சாரத்தையும் யுஎஸ்பி கேபிளையும் பிடுங்குங்கள்.

வாட்டர்ஃபாலின் வலப்பாதி முழுக்க இருண்டு கிடந்தால் பேண்ட் செத்துவிடவில்லை, ரிக் ஃபில்டர் குறுகலாக நிற்கிறது.

வாட்டர்ஃபால் விண்டோவே காணவில்லையா? வியூ மெனுவில் திறக்கலாம். மெனுவே காணவில்லை என்றால் முதன்மை விண்டோவின் நடுவே ‘மெனூஸ்’ என்ற சின்னப் பெட்டியில் டிக் எடுபட்டிருக்கும்.

ஒரு வரியைப் படிப்பது

இடப்பக்கம் ‘பேண்ட் ஆக்டிவிட்டி’: கேட்ட எல்லாம் இங்கே. வலப்பக்கம் ‘ஆர்எக்ஸ் ஃபிரீக்வென்சி’: நீங்கள் கவனிக்கும் இடத்தில் நடப்பதும் உங்களுக்கு வந்ததும் மட்டும். பச்சை வரி பொது அழைப்பு, சிவப்பு வரியில் உங்கள் கால்சைன் இருக்கிறது, மஞ்சள் நீங்கள் அனுப்பியது.

21.074 மெகாஹெர்ட்ஸில் ஒரு பச்சை வரி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

113045 −12 0.3 1487 ~ சிக்யூ, ஒரு ஜப்பானியக் கால்சைன், பிஎம்95

முதல் எண் யுடிசி நேரம், 11 மணி 30 நிமிடம் 45 விநாடி. நம் கடிகாரத்தில் மாலை 5 மணி 45 விநாடி. மைனஸ் 12 சிக்னல் அளவு. 2500 ஹெர்ட்ஸ் அகலத்து இரைச்சலோடு ஒப்பிட்ட டெசிபெல் கணக்கு என்பதால் மைனஸில் வருவது இயல்பு. மைனஸ் 21 பக்கம்தான் எஃப்டி8-இன் எல்லை, ஆகவே மைனஸ் 12 தாராளம். 0.3 என்பது டிடி. 1487 வாட்டர்ஃபாலில் அவர் இருக்கும் இடம். அலைக்கோடு குறி எஃப்டி8 என்பதற்கு; எஃப்டி4-இல் (இதன் வேகமான உறவு மோடு) அங்கே கூட்டல் குறி வரும். சிக்யூ பொது அழைப்பு. பிஎம்95 டோக்கியோ வட்டாரம்.

அவர் 45-ஆம் விநாடியில் தொடங்கினார். 00, 30 இரட்டைத் துண்டுகள்; 15, 45 ஒற்றை. அவர் ஒற்றையில் இருப்பதால் நீங்கள் இரட்டையில் அனுப்ப வேண்டும். வரியை இருமுறை சொடுக்கினால் ‘டிஎக்ஸ் ஈவன்/ஃபர்ஸ்ட்’ பெட்டியில் மென்பொருளே டிக் வைத்துவிடும். நீங்களே சிக்யூ போடும்போதுதான் அந்தப் பெட்டியை யோசிக்க வேண்டும். பெங்களூரு, ஓசூர், சேலம் என்று பக்கத்துப் பலமான நிலையங்கள் எந்தத் துண்டில் அனுப்புகின்றனவோ அதே துண்டில் நீங்களும் அனுப்புங்கள். அவர்கள் அனுப்பும்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் சத்தமே உங்கள் ரிசீவரை அடைத்துவிடும்.

பச்சைக் குறியும் சிவப்புக் குறியும்

வாட்டர்ஃபாலின் மேல் ஓரத்தில் பச்சைக் குறி கேட்கும் இடம், சிவப்புக் குறி அனுப்பும் இடம். இவை இரண்டும் வேறு வேறு என்பது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வெறும் சொடுக்கு பச்சையை நகர்த்தும். ஷிஃப்ட் பிடித்துச் சொடுக்கினால் சிவப்பு நகரும். கன்ட்ரோல் பிடித்துச் சொடுக்கினால் இரண்டும் சேர்ந்து போகும்.

செய்ய வேண்டியது: இரண்டு மூன்று சுற்று வாட்டர்ஃபாலைப் பார்த்து, யாரும் உட்காராத 60 ஹெர்ட்ஸ் இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் அனுப்பப்போகும் துண்டில் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், மற்றத் துண்டு கணக்கில்லை. ஷிஃப்ட் பிடித்து அங்கே சொடுக்கி, ‘ஹோல்டு டிஎக்ஸ் ஃபிரீக்’ பெட்டியில் டிக் வையுங்கள். இனி யாரைச் சொடுக்கினாலும் நீங்கள் அனுப்பும் இடம் மாறாது. இந்த டிக் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அழைத்தவர் தலைமேலேயே போய் உட்காருவீர்கள், அவரை அழைக்கும் பத்துப் பேரும் அங்கேயேதான் இருப்பார்கள். எதிர்முனை உங்களை எங்கிருந்தாலும் டிகோட் செய்யும். மொத்த 3 கிலோஹெர்ட்ஸையும் ஒரே நேரத்தில் படிக்கும் மென்பொருளுக்கு அருகில் வந்து நிற்க வேண்டிய தேவை இல்லை.

அனுப்பும் ஒலியைச் சரிசெய்வது

1. முடிந்தால் டம்மி லோடு இணையுங்கள். இல்லையென்றால் காலியான அலைவரிசையில் ஆன்டெனாவோடு, குறைந்த பவரில்.
2. ரிக் பவரை 30 வாட்டில் வையுங்கள். மீட்டரை ஏஎல்சிக்கு (ஒலி மிஞ்சாமல் தடுக்கும் தானியங்கிக் கட்டுப்பாடு) மாற்றுங்கள்.
3. மென்பொருளின் வலது ஓரத்தில் ‘பவர்’ ஸ்லைடரை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். விண்டோஸ் வெளியீட்டு ஒலி பாதியில் இருக்கட்டும்.
4. ‘டியூன்’ அழுத்துங்கள். ஒரே டோன் தொடர்ந்து போகும்.
5. ஸ்லைடரை மெல்ல ஏற்றுங்கள். பவர் ஏறும், ஓரிடத்தில் ஏஎல்சி முள் அசையத் தொடங்கும். அங்கிருந்து கொஞ்சம் இறக்கி நிறுத்துங்கள்.
6. எஸ்டபிள்யூஆரையும் (ஆன்டெனா பொருந்தியிருக்கும் அளவு) ஒரு பார்வை பார்த்துவிட்டு டியூனை மறுபடி அழுத்தி நிறுத்துங்கள். மறந்தால் ரிக் கொதித்துக்கொண்டே இருக்கும்.

ஏஎல்சி முழுக்க ஏறியபடி அனுப்பினால் உங்கள் 50 ஹெர்ட்ஸ் பட்டை தடித்து, இருபுறமும் நிழல் பட்டைகள் முளைக்கும். பக்கத்தில் இருப்பவர் திட்டுவார், தூரத்தில் இருப்பவருக்கு டிகோட் ஆகாது. ‘பவர் போதவில்லை’ என்று ஒலியை ஏற்றுவது இந்த மோடில் நேர்மாறான பலன்தான் தரும். பேண்டுக்குப் பேண்டு அளவு மாறும். ஆடியோ தாளில் பேண்டுவாரியாக நினைவில் வைக்கும் வசதியை டிக் செய்துவிட்டால் ஒருமுறை செய்தால் போதும்.

100 வாட் ரிக்கை 100-இலேயே ஓட்டாதீர்கள். பேச்சில் பவர் ஏறி இறங்கும், இங்கே 12.64 விநாடியும் முழு பவர். சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரை அறையில் பைனல் டிரான்சிஸ்டருக்கு அது தண்டனை. 30 வாட்டில் நடக்காத இணைப்பு 100 வாட்டில் நடப்பது அபூர்வம்.

முதல் இணைப்பு

அந்த ஜப்பானிய வரிக்கே போவோம். சிவப்புக் குறி காலி இடத்தில் இருக்கிறது, ஹோல்டு டிஎக்ஸ் டிக் இருக்கிறது, ‘ஆட்டோ சீக்’ டிக் இருக்கிறது. 11:30:58 வாக்கில் பச்சை வரி தோன்றுகிறது. இருமுறை சொடுக்குங்கள், ‘டிஎக்ஸ் கால்’ (DX Call) பெட்டியில் அவர் கால்சைன் விழும், டிஎக்ஸ்1 முதல் டிஎக்ஸ்5 வரை செய்திகள் தாமே நிரம்பும். இப்போது எனேபிள் டிஎக்ஸ், பட்டன் சிவக்கும்.

11:31:00-க்கு அவர் கால்சைன், உங்கள் கால்சைன், எம்கே92 போகும். 11:31:15-இல் அவர் உங்களுக்குச் சிக்னல் அளவு தருவார், வரி சிவப்பில் வரும். 11:31:30-இல் நீங்கள் ஆர் சேர்த்து அவருடைய அளவைத் தருவீர்கள். 11:31:45-இல் அவர் ஆர்ஆர்73 (கிடைத்தது, வாழ்த்துகள்). 11:32:00-இல் உங்கள் 73 (வாழ்த்துகள்). ஆட்டோ சீக் இருப்பதால் நடுவில் நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை, தொட்டால்தான் குழப்பம்.

சொடுக்கத் தாமதமானால்? துண்டு தொடங்கி ஒன்றிரண்டு விநாடி கடந்திருந்தாலும் பரவாயில்லை. ஐந்து ஆறு விநாடி போய்விட்டால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். மூன்று நான்கு முறை அழைத்தும் பதில் இல்லையென்றால், அல்லது அவர் வேறொருவரிடம் பேசத் தொடங்கிவிட்டால், எனேபிள் டிஎக்ஸை அணைத்துக் காத்திருங்கள். உடனே ரிக்கை நிறுத்த வேண்டும் என்றால் ‘ஹால்ட் டிஎக்ஸ்’. எனேபிள் டிஎக்ஸை அணைத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் துண்டு முடியும்வரை போகலாம், ஹால்ட் அந்தக் கணமே வெட்டும். வேறுபாட்டை விரல் மனப்பாடம் செய்யட்டும்.

கீழ் ஓரத்தில் ‘டபிள்யூடி’ என்று குறையும் நிமிடக் கணக்கு காவல்காரன். நீங்கள் எதையும் தொடாமல் ஆறு நிமிடம் அனுப்பிக்கொண்டே இருந்தால் அனுப்புவதை நிறுத்திவிடும். தொந்தரவு என்று நினைத்து அணைக்க வேண்டாம்.

பதில் வராதபோது

வேறு எதையும் மாற்றும் முன், ‘ரிப்போர்ட்டிங்’ தாளில் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் (யார் யாரைக் கேட்டார் என்று இணைய வரைபடத்தில் காட்டும் தளம்) டிக்கைப் போடுங்கள். அது நீங்கள் கேட்டவர்களைப் பதிவேற்றும். உலகம் முழுவதும் மற்றவர்களும் அப்படியே செய்வதால், இரண்டு சுற்று சிக்யூ போட்டுச் சில நிமிடம் கழித்து அந்த வரைபடத்தில் உங்கள் கால்சைனைத் தேடினால் யார் யார் கேட்டார்கள் என்று தெரிந்துவிடும். ஐரோப்பாவில் பத்துப் பேர் கேட்டிருந்தால் உங்கள் அனுப்பும் பக்கம் நன்றாக இருக்கிறது, பொறுமை மட்டும் போதவில்லை. ஒருவருமே கேட்கவில்லையா? பிறகு கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

ரிக் அனுப்பும் நிலைக்குப் போகிறது, பவர் பூஜ்யம். ஒலி ரிக்குக்குப் போய்ச் சேரவில்லை. ஐகாம் ஐசி-7300 என்றால் கனெக்டர்ஸ் மெனுவில் ‘டேட்டா மாட்’ யுஎஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள். மைக் என்று நின்றால் இப்படித்தான் ஆகும். மற்ற ரிக்குகளிலும் இதற்கு ஈடான மெனு உண்டு.

குறைந்த பவரில் சரி, ஏற்றினால் கேட் இணைப்பு அறுகிறது. பேண்ட் பெட்டி அருகே உள்ள பச்சை வட்டம் சிவப்பாகி, பிழைச் செய்தி வரும். ஆன்டெனாவின் ஆர்எஃப் (ரேடியோ அலை) யுஎஸ்பி கேபிள் வழியாகத் திரும்புகிறது. கேபிளைக் குட்டையாக்கி, இரண்டு முனையிலும் ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். ஆன்டெனா ஊட்டுமிடத்தில் சோக் போடுங்கள். முனையில் ஊட்டும் ஒயர் ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டிகோட் வருகிறது, ஆனால் அடுத்த துண்டு தொடங்கிய பிறகு. பழைய லேப்டாப். டிகோட் மெனுவில் ‘டீப்’ இருந்தால் ‘நார்மல்’ ஆக்குங்கள், பிரவுசர் தாவல்களை மூடுங்கள்.

செய்திகள் வழக்கமான வடிவில் இல்லை, டிஎக்ஸ் பெட்டிகள் மாறியிருக்கின்றன. ‘அட்வான்ஸ்டு’ தாளில் போட்டி மோடோ ஹவுண்ட் மோடோ (அரிய நிலையங்களை அழைப்பதற்கான மோடு) தவறிப்போய் டிக் ஆகியிருக்கும். ‘ஸ்பெஷல் ஆபரேட்டிங் ஆக்டிவிட்டி’ டிக்கை எடுங்கள்.

லாக்

முடிந்ததும் ‘லாக் க்யூஎஸ்ஓ’ (க்யூஎஸ்ஓ என்றால் இணைப்பு) சாளரம் தானாக எழ வேண்டுமானால் ரிப்போர்ட்டிங் தாளில் ‘பிராம்ப்ட் மீ டு லாக் க்யூஎஸ்ஓ’ டிக் வேண்டும். அந்தச் சாளரத்தில் ஓகே அழுத்தாமல் மூடினால் இணைப்பு பதிவாகாது. மறுநாள் எதிர்முனைக்காரர் உறுதிப்பாடு கேட்கும்போது உங்களிடம் ஒன்றும் இருக்காது. பதிவுகள் ஏடிஐ கோப்பாகச் சேரும்; ஃபைல் மெனுவில் ‘ஓப்பன் லாக் டைரக்டரி’ அந்த இடத்துக்கே கூட்டிப் போகும். வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகல் எடுங்கள்.

காகித லாகும் எழுதுபவர்கள் தேதியில் கவனமாக இருங்கள். யுடிசி நாள் நமக்கு அதிகாலை ஐந்தரை மணிக்குத்தான் மாறும். 7.074-இல் இரவு முழுக்க உட்கார்ந்து பின்னிரவு 2 மணிக்குப் பிடித்த இணைப்புக்கு நம் வீட்டுக் காலண்டரில் கிழித்துப் போட்ட முந்தைய நாள் தேதிதான் சரி. புதுத் தேதி போட்டால் எதிர்முனை லாகோடு பொருந்தாமல், உறுதிப்பாடு ஒருபோதும் வந்து சேராது.